ரேடியேட்டரில் ஏர் லாக்: வீட்டிலேயே ஏர் எடுப்பது எப்படி?

கத்திரி வெயிலில் சென்னை கத்திப்பாரா சந்திப்பைத் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, தானாக இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் உருளும் சத்தம் வேறு. இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏர் லாக். அண்மையில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றியிருந்தாலோ, ஹோஸ், வாட்டர் பம்ப் எதையாவது கழற்றி மாட்டியிருந்தாலோ சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கூலன்ட் ஓடும் பாதையில் எந்த இடம் உயரமோ அங்கே காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். பம்ப்பால் காற்றைச் சரியாகத் தள்ள முடியாது, ஓட்டம் தடைபடும். சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட்; அதைச் சுற்றிக் காற்று நின்றால் அது திறக்கவும் தாமதமாகும். சென்சாரைச் சுற்றி நின்றால் முள் காட்டுவதையே நம்ப முடியாது.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி கழன்ற கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். இரவு நிறுத்திய வண்டியை விடிகாலையில் தொடுங்கள். மே மாதச் சென்னையில் வேலை செய்ய முடிகிற நேரமும் அதுதான்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது, வண்டியின் கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கினால் சரிபாதி பேட்டரி தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) கலந்துகொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பக்கெட்டில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். மூடி வாயில் இறுக்கமாக உட்காரும் புனல் ஒன்று இருந்தால் பாதி வேலை சுலபம். சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இனி வேலை. வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்துங்கள், அப்போதுதான் மூடி வாய் உயரமான இடமாகும். நம் ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவு போதும். ஆனால் அது வெளிக்காற்று படும் இடமாக இருக்கட்டும். மூடிய பேஸ்மென்ட்டில் இன்ஜினை ஓடவிட்டால் புகை ஆளையே கொல்லும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்.

மூடியைத் திறந்து புனலை வையுங்கள். ரேடியேட்டரில் மூடி இல்லாத வண்டிகளில் அழுத்த மூடி எக்ஸ்பேன்ஷன் டேங்க்கில் இருக்கும், அங்கேதான் ஊற்ற வேண்டும். கூலன்ட்டை மெதுவாக ஊற்றிக்கொண்டே ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழ் குமிழாக வரும். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் பக்கம் ஏர் எடுக்கும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைச் சற்றே தளர்த்தி, குமிழ் நின்று கூலன்ட் மட்டும் வழிந்ததும் மூடிவிடுங்கள்.

அடுத்து ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று தோன்றும். அதன் குழாயிலும் காற்று ஒளிந்திருக்கும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 80 டிகிரிக்கு மேல்தான் தெர்மோஸ்டாட் திறக்கும், அப்போது மட்டம் சட்டென்று இறங்கி ஒரு பெரிய குமிழ் வெளியேறும். இங்கேதான் பலர் பொறுமையிழந்து மூடிவிடுகிறார்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஃபேன் சொல்லாமல் சுற்றும், கையை எட்டியே வையுங்கள். ஹீட்டரில் அனல் காற்று வந்து குமிழும் நின்றால் இன்ஜினை அணைத்து, மட்டத்தை நிரப்பி, மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

சிந்திய கூலன்ட்டை அப்போதே கழுவிவிடுங்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், தெரு நாய் நக்கினால் செத்துவிடும்.

இவ்வளவு செய்தும் முள் ஏறினால்? ஈ.சி.ஆரில் ஓடும்போது சரியாக இருந்து சிக்னலில் மட்டும் ஏறினால் ஃபேன்தான் கோளாறு. ஏசியைப் போட்டதும் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பாருங்கள். மாறாக, வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட்.

மட்டம் தொடர்ந்து குறைந்தால் எங்கோ கசிகிறது. காற்று தானாக உள்ளே வராது. கூலன்ட் வெளியேறிய வழியைக் கண்டுபிடிக்காமல் ஏர் மட்டும் எடுத்தால் மறுபடி அதே கதைதான். கிளாம்ப் ஓரங்கள், வாட்டர் பம்ப்பின் அடிப்பகுதி, மூடியின் ரப்பர், கால் வைக்கும் இடத்து மேட் ஈரம், எல்லாவற்றையும் பாருங்கள்.

எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் குமிழ் நிற்கவில்லை, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது, இன்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வருகிறது, ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) சந்தேகியுங்கள். அது வீட்டு வேலை இல்லை. ஓட்டிக்கொண்டு போனால் ஹெட்டே வளைந்துவிடும், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.