விஎன்சி பாஸ்வேர்டை மாற்றியும் பழையதே திறந்தது

அலுவலக லினக்ஸ் கணினியை வீட்டிலிருந்து விஎன்சி (தொலைவில் உள்ள கணினியின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்கும் முறை) வழியாகத் திறப்பேன். போன வாரம் பாஸ்வேர்டை மாற்றினேன், பழையதைப் போட்டாலும் திறந்தது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன், பாஸ்வேர்ட் கோப்பை அழித்துப் புதிதாக உருவாக்கினேன், வீட்டுக் கணினியில் உள்ள விஎன்சி வியூவர் பழையதைச் சேமித்து வைத்திருக்கிறதோ என்று வேறு மடிக்கணினியிலும் பார்த்தேன், மூன்று நாள் ஓடியதுதான் மிச்சம். அப்புறம் ஒருமுறை கை தவறிக் கடைசி எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன், அதற்கும் திறந்தது!

விஎன்சியின் வழக்கமான பாஸ்வேர்ட் முறை முதல் 8 எழுத்தை மட்டுமே பார்க்கும், மிச்சத்தைச் சொல்லாமல் வெட்டிவிடும். நான் மாற்றியதோ கடைசியில் இருந்த ஆண்டை மட்டும். முதல் எழுத்திலிருந்தே வேறாக வைத்தேன், பழையதைப் போட்டால் திறப்பது நின்றது, நிம்மதி. 8 எழுத்து போதாது என்பதால் விஎன்சி இணைப்பு வரும் 5901 போர்ட்டை வெளியிலிருந்து அணுக முடியாதபடி மூடிவிட்டு எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கம் செய்த பாதுகாப்பான இணைப்பு) வழியாக மட்டும் போகிறேன்.