இலவச டேட்டிங் ஆப்: கவனிக்க வேண்டியவை

டிண்டர், பம்பிள், ஹிஞ்ச் மூன்றையும் காசு கட்டாமலே பயன்படுத்தலாம். ஒரு நாளைக்கு இத்தனை லைக்தான் என்று வரம்பு இருக்கும். தொடங்க அது தாராளம். லிங்க்கில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) மட்டும் இறக்காதீர்கள்.

புரொஃபைலில் செல்ஃபி சரிபார்ப்பு டிக் இல்லையா? படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் வேறு பெயரில் வந்தால் பிளாக். உங்களையும் இப்படித் தேடலாம். இன்ஸ்டாவில் இல்லாத படத்தையே போடுங்கள்.

பேசத் தொடங்கியதுமே "வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்றால் உஷார். ஆப்பை விட்டு வெளியேறினால் அங்கே புகார் செய்யும் பிடி தளர்ந்துவிடும், உங்கள் எண்ணும் அவர் கையில். அடுத்து கிரிப்டோ முதலீட்டு யோசனை வரும், அல்லது ராத்திரி வீடியோ கால். அந்த வீடியோ காலைப் பதிவு செய்து, பணம் கேட்டு மிரட்டுவார்கள். ஒரு முறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீளும்.

முதல் சந்திப்பு பகலில், நீங்கள் தேர்ந்தெடுத்த கடையில். அவர் அடம்பிடித்துக் கூப்பிடும் கிளப்பில் விலைப்பட்டியலே காட்டாமல் பல ஆயிரத்துக்கு பில் வரும். டெல்லியிலும் மும்பையிலும் இதற்கென்றே கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன.