பல்செட்டின் அடியில் அண்ணம் சிவந்தால்

மேல்வாயில் கழற்றி மாட்டும் பல்செட் அணிந்திருப்பவர்கள் அவ்வப்போது அதைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் அண்ணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தொடங்கும் அழற்சி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், பார்த்தால்தான் தெரியும். அண்ணத்தின் பின்பகுதியில் சளிச்சவ்வுக்கு அடியில் நூற்றுக்கணக்கான சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பல்செட்டின் தகடு ஓயாமல் அழுத்தி உராயும்போது அவற்றின் நுண்குழாய் வாய்கள் வீங்கி, ஊசிமுனை போன்ற செம்புள்ளிகளாகத் தெரியலாம். உமிழ்நீர் படாத அந்த இடத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சையும் பெருகினால், தகடு மூடிய பரப்பு முழுவதும் சிவந்துவிடும்.

இரவில் பல்செட்டைக் கழற்றி வைப்பதே முதல் சிகிச்சை. மருந்து போட்டுக்கொண்டே இரவு முழுவதும் அதை அணிந்து தூங்குபவர்களுக்கு அழற்சி திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை. படுக்கும் முன் மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் கொண்டு, அண்ணத்தைத் தொடும் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, குளிர்ந்த நீரில் மூழ்க வையுங்கள். பற்பசை தகட்டில் கீறல் விழச்செய்யும், அந்தக் கீறல்களில் பூஞ்சை தங்கும். வெந்நீரோ தகட்டின் வடிவத்தையே கெடுத்துவிடும். அண்ணத்தையும் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிடுங்கள்.

சிவப்பு குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் பூஞ்சைக்கொல்லி மருந்து தரக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் மைக்கோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி ஜெல் அதனுடன் சேர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடும். சர்க்கரை நோய் இருப்பதையும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துவதையும் தெரிவியுங்கள். பல் எடுத்தபின் தாடை எலும்பு ஆண்டுக்காண்டு தேய்வதால், ஒருகாலத்தில் கச்சிதமாக இருந்த பல்செட்டும் தளர்ந்து உராயத் தொடங்கும். அதற்கு உட்புறத்தில் புதிய அடுக்கு இட்டுச் சரிசெய்வதோ, புதிதாகச் செய்துகொள்வதோதான் வழி. ஒட்டும் பசையை அதிகமாகப் பூசிச் சமாளிப்பதும், வீட்டிலேயே அரம் கொண்டு ராவுவதும் கூடாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணையும், வலியே இல்லாத கட்டியையும் பல்செட் உரசியதால் வந்தது என்று நீங்களே முடிவுசெய்துவிடாதீர்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சுரப்பித் திசு இறந்து உண்டாகும் ஆழமான புண் சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆனால் பார்வைக்கு அது புற்றுநோயைப் போலவே இருப்பதால், திசுப் பரிசோதனை செய்துதான் வேறுபடுத்த முடியும்.