60 டாலர் பிளானுக்கு 140 டாலர் பில் ஏன்?

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் புதிதாக வந்திறங்கும் நம் பிள்ளைகள் முதல் செல்போன் பில் வந்த கையோடு எனக்கு வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார்கள். "அண்ணா, 60 டாலர் பிளான்னு சொன்னாங்க, 140 வந்திருக்கு. ஏமாத்திட்டாங்களா?"

பெரும்பாலும் இல்லை. வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் என்ற இங்குள்ள பெரிய செல்போன் கம்பெனிகள் மூன்றுமே மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குகிறவை. ஊரில் 28 நாளுக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டுத்தானே பேசினோம், இங்கும் அதே கதைதான். இங்கே அது பில்லாக வருகிறது, அவ்வளவுதான்.

பில்லில் தொகையைப் பார்ப்பதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். உங்கள் பில் மாதம் (ஒரு பில் கணக்கிடும் ஒரு மாதக் காலம்) 1-ஆம் தேதி தொடங்குகிறது, நீங்கள் ஜூன் 16 அன்று சிம் வாங்கினீர்கள் என்று வையுங்கள். ஜூன் 16 முதல் 30 வரை 15 நாளுக்கு 30 டாலர். அடுத்து ஜூலை முழுமைக்கும் 60. ஆக்டிவேஷன் கட்டணம் (லைனைத் தொடங்கிவைக்க ஒருமுறை வாங்குவது) ஒரு 35 என்று வையுங்கள். ஆக 125. மேலே வரி, யூனிவர்சல் சர்வீஸ் ஃபண்ட் (எல்லோருக்கும் தொலைத்தொடர்பு கிடைக்க வைக்கும் அரசு நிதி) போன்ற சில்லறைகள். 140-ஐத் தொட்டாயிற்றா? இரண்டாவது பில்லில் 60-உம் வரியும்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

கடையில் சொன்னது ஆட்டோபே (பில் தானாகவே கட்டப்படும் ஏற்பாடு) தள்ளுபடி போன விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுபடி இறங்க ஓரிரு பில் ஆகலாம். பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கினால் வரும் கிரெடிட்டும் அப்படித்தான், மெதுவாக வரும்.

ஊருக்குப் போய் ரோமிங் போட்டால் மட்டும் கணக்கு வேறு. அது பயன்படுத்திய பிறகுதான் பில்லில் ஏறும். திரும்பி வந்த அடுத்த மாதம் பார்த்து அதிர வேண்டாம்.

நடு மாதத்தில் பிளான் மாற்றினால் பில் குழப்பமாக இருக்கும்: பழைய பிளானின் மீதி நாட்களுக்குக் கழிவு, புதியதன் மீதி நாட்களுக்குக் கட்டணம், அப்புறம் அடுத்த மாதம் முழுசாக. அந்தக் கழிவு பில்லில் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். அவசரமில்லை என்றால் பில் மாதம் தொடங்கும் நாளிலிருந்து மாற்றச் சொல்லுங்கள், தலைவலி இல்லை.

கம்பெனி மாறும்போதுதான் இந்த முன்பணம் கடிக்கும். கட்டிய மாதத்தில் பாதியில் போனால் மீதியைப் பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள். அதனால் பில் மாதம் முடிய மூன்று நான்கு நாள் இருக்கும்போது மாறுங்கள். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள், நம்பர் புதிய கம்பெனிக்குப் போவது தாமதமானால் இன்னொரு மாதக் கட்டணம் விழும். பழைய லைனை நீங்களாக கேன்சல் செய்யவும் கூடாது, நம்பர் போய்விடும். பழைய கம்பெனியிடம் டிரான்ஸ்ஃபர் பின் (நம்பரைக் கொண்டுபோவதற்கான ரகசிய எண்) வாங்கிப் புதிய கம்பெனியிடம் கொடுங்கள், நம்பர் அங்கே போனதும் பழைய லைன் தானாக மூடிக்கொள்ளும். போன் தவணை பாக்கி இருந்தால் அது மொத்தமாகக் கடைசி பில்லில் வந்து நிற்கும், மிச்ச கிரெடிட்டும் போச்சு.

இவ்வளவு பார்த்தும் கணக்கு உதைத்தால் முதலில் கஸ்டமர் கேர். அங்கே வேலைக்கு ஆகவில்லை என்றால் எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் புகார் கொடுங்கள், இலவசம்தான். புகாரை எஃப்சிசி உங்கள் கம்பெனிக்கு அனுப்பினால், கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.