பழைய சவரக்கத்தியின் காலத்தைக் கணிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் கிடந்த பூட்டனாரின் மடக்குச் சவரக்கத்தியை, நான் முதலில் 1921இற்குப் பிற்பட்டது என்று கணித்தேன். பூட்டனார் காலமானதோ 1912இல். அந்தப் பிழையைத் திருத்தப்போய்க் கற்ற முறையையே இங்கு தருகிறேன்.

முதலில் தையல் இயந்திர எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் அலகைத் துடையுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பதால் அதை நான் விரும்புவதில்லை. சான்ட்பேப்பரைத் தொடவே வேண்டாம். துருவோடு முத்திரையும் போய்விடும்.

அடுத்து, அலகுக்கும் வாலுக்கும் இடைப்பட்ட, கூரில்லாத கழுத்துப் பகுதியைப் பாருங்கள். கைப்பேசி விளக்கை நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்த எழுத்துகளும் நிழல் கட்டித் தெரியும். விலையுயர்ந்த உருப்பெருக்கியைவிட இதுவே எனக்கு உதவியது.

மூன்றாவது படியில்தான் நான் சறுக்கினேன். கத்தியில் 'சோலிங்கன்' (கத்திகளுக்குப் பேர்போன ஜேர்மன் நகரம்), 'மேட் இன் ஜேர்மனி' என்றிருந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் விதிப்படி, 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி வரிச் சட்டத்தை அடுத்து வந்த கத்திகளில் நாட்டின் பெயர் மட்டும் இருக்கும். 'மேட் இன்' என்பது 1921ஐ ஒட்டிச் சேர்ந்தது. ஆனால் அது அமெரிக்காவுக்குப் போன சரக்குக்கான விதி. ஜேர்மன் கத்திகள், கத்திகளுக்குப் பேர்போன ஆங்கிலேய நகரான ஷெஃபீல்டின் பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க விரும்பிய பிரித்தானியா, 1887லேயே வணிகக் குறிச் சட்டத்தை இயற்றி அச்சொற்களுக்கு வழிவகுத்துவிட்டது. பிரித்தானியச் சந்தைக்காக முத்திரையிட்ட கத்தி, அதன் ஆட்சியிலிருந்த இலங்கைக்கும் வந்திருக்கலாம் அல்லவா? ஆகவே நம் வீட்டுக் கத்தியை 1887இலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். 'மேற்கு ஜேர்மனி' என்றிருந்தால் 1949இற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

ஷெஃபீல்ட் கத்தியில் கிரீடத்துடன் 'டபிள்யூ ஆர்' இருந்தால் நான்காம் வில்லியத்தின் காலம், அதாவது 1830 முதல் 1837 வரை. 'வி ஆர்' எனில் 1901 வரை நீண்ட விக்டோரியாவின் காலம். 'ஜி ஆர்' மட்டும் ஏமாற்றும்: 1830இற்கு முந்திய ஜார்ஜ் மன்னர்களும் உண்டு, 1910இல் பட்டமேறிய ஐந்தாம் ஜார்ஜும் உண்டு. அப்போது அலகின் குறுக்கு வடிவத்தைப் பாருங்கள். ஆப்பு போலத் தடித்திருந்தால் முந்தியது எனலாம். இருபுறமும் ஆழமாகக் குழித்து அரைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது.

கைப்பிடியை வைத்து முடிவு கட்டாதீர்கள், உடைந்ததும் மாற்றிவிடுவார்கள்.

பிற்சேர்க்கை: துடைத்து வைத்தும் துரு திரும்புவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கைப்பிடி செலுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். அது சிதையும்போது வெளிவரும் அமில ஆவி அலகை அரிக்கும். கொழும்பின் வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். அவ்வாறாயின் கைப்பிடியைக் கழற்றி, அலகைத் தனியே வையுங்கள்.