புட் ஆஃப், கால் ஆஃப்: படகு இனி விடுவார்களா, மாட்டார்களா?

கடல் சீறினால் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகை நிறுத்திவிடுவார்கள். வரிசையில் நிற்கும் வடநாட்டுக்காரர் உங்களிடம் இங்கிலீஷில் விவரம் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

முதலில் ஒன்றை மட்டும் பாருங்கள்: படகு இனி உண்டா, இல்லையா? அலை அடங்கி பதினொரு மணிக்கு விடுவார்கள் என்றால் 'த ட்ரிப் ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் இலெவன்'. இன்றைக்கு இனி கிடையவே கிடையாது என்றால் 'கால்ட் ஆஃப்'. மாற்றிச் சொன்னால் பாவம், அந்த மனுஷன் சாயங்காலம் வரை வெயிலில் காத்துக் கிடப்பார்.

அடுத்தது காலம். இது சின்ன வேலை. நேற்றானாலும் இன்றானாலும் புட் புட்டேதான், 'புட்டட்' என்று ஒன்று இல்லை.

மூன்றாவது படியில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'தே புட் ஆஃப் த மேட்ச்', 'தே புட் த மேட்ச் ஆஃப்', இரண்டும் சரி. ஆனால் மேட்ச் என்பதற்குப் பதில் 'இட்' போட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'தே புட் இட் ஆஃப்'. தமிழில் 'அதைத் தள்ளிப் போட்டார்கள்' என்கிறோம், தள்ளிக்கும் போட்டார்களுக்கும் நடுவே 'அதை' நுழையாது, அந்தப் பழக்கத்தில் 'புட் ஆஃப் இட்' என்று வாயில் வந்துவிடுகிறது. ஹிம், ஹெர், தெம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாகப் பழகிவிடும்.

அப்புறம், செயலைத் தள்ளிப் போட்டால் பின்னால் 'இங்' வரணும், 'டு' வராது. குலசேகரம் பக்கம் மழை பெய்தால் ரப்பர் பால்வெட்டு நடக்காது இல்லையா, அதை 'தே புட் ஆஃப் டேப்பிங் பிகாஸ் ஆஃப் த ரெயின்' என்று சொல்லலாம். 'புட் ஆஃப் டு டேப்' தப்பு.

இன்னொரு அர்த்தமும் உண்டு, முகம் சுளிக்க வைப்பது. குளச்சலில் கருவாடு காய்கிற இடத்துக்கு வந்த வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்தினால் 'த ஸ்மெல் புட் ஹிம் ஆஃப்'. நமக்கு அது வாசம், அது வேறு கதை.

கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதும்போது மட்டும் போஸ்ட்போன் என்று எழுதுங்கள், புட் ஆஃப் பேச்சு வழக்குக்குத்தான் பொருந்தும்.