பூட்டிய வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள்

தேர்தல் வந்தால் கருத்துக்கணிப்பு வேலைக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். வேலூர், குடியாத்தம் தெருக்களில் அதே பழைய தவறுகள் மறுபடி நடக்கின்றன. கேள்வித்தாள் குழப்பமும் டேப்லெட்டில் சார்ஜ் தீர்வதும் இரண்டு நாளில் சரியாகிவிடும். பதில் சொல்லாமல் விடுபட்டவர்களால் வரும் பிழை அப்படியில்லை, முடிவு வெளியாகும் வரை கண்ணில் படாது.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு

வாக்காளர் பட்டியலில் குலுக்கல் முறையில் எடுத்த பெயர் கையில் இருக்கிறது. கதவில் பூட்டு. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "என்னப்பா எழுதற?" என்று அவராகவே கேட்கிறார். கால் மணி நேரத்தில் பேட்டி முடிந்து, அன்றைய கணக்கும் நேராகிவிடுகிறது. இந்த வேலையில் இதைவிடப் பெரிய நஷ்டம் தரும் தவறு இல்லை. எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அந்தப் பூட்டு ஏன் தொங்குகிறது? ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் காலையிலேயே கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வருபவர் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைப்பார். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் முற்பகலில் தெருவே காலி. திண்ணைப் பெரியவரை எழுதிவிட்டால் இவர்கள் எல்லாருமே கணிப்பிலிருந்து காணாமல் போகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1,000 பேர் பட்டியலில் 600 பேர் கிடைத்து, அவர்களில் 50 சதவீதம் ஒரு கட்சிக்கு என்று வைத்துக்கொள்வோம். கிடைக்காத 400 பேரில் ஆதரவு 35 சதவீதம்தான் என்றால் உண்மை நிலவரம் 44. பிழை 6 புள்ளி. அந்த 400 இடத்திலும், கிடைத்தவர்களைப் போன்ற பக்கத்து வீட்டுக்காரர்களை நிரப்பினால் தாளில் 1,000 வந்துவிடும். பிழை அப்படியேதான் இருக்கும், இப்போது யாருக்கும் தெரியாது. 2019 ஆகஸ்டில் நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் ஜெயித்த வித்தியாசமே 8,141 ஓட்டு, பதிவானதில் 1 சதவீதம்கூட இல்லை.

ஒரு முகவரிக்கு நான்கு முறை போக வேண்டும், நான்கும் வெவ்வேறு நேரம். ஒன்று காலை 8 மணிக்கு முன், ஒன்று இரவு 7-க்கு மேல், ஒன்று ஞாயிறு, இன்னொன்று வீட்டாரிடமே கேட்டு வாங்கிய நேரம். ஒவ்வொரு முறையும் தேதி, மணி, என்ன ஆனது என்பதைக் குறிக்க வேண்டும். பூட்டு, மறுப்பு, வெளியூர், குடிமாறியவர், இறந்தவர் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு. இறந்தவர் பெயர் இருப்பது பட்டியலின் பிழை, மறுத்தவர் பதில் தராதவர். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் பதில் விகிதமே பொய்யாகிவிடும்.

பேட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் பக்கத்து வீடு தானாக உள்ளே வரும். நாள் கூலி கொடுங்கள். மேற்பார்வையாளர் பத்தில் ஒரு வீட்டுக்கு மறுபடி போய், பேட்டி தந்தவரின் பெயரும் வயதும் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும்.

வெயிட்டேஜ் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது

வெயிட்டேஜ் என்றால், குறைவாகக் கிடைத்த பிரிவினரின் பதிலுக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுப்பது. வயது, பாலினம், படிப்புக்கு அது அவசியம்தான். 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் சறுக்கியதற்குப் படிப்பைக் கணக்கில் எடுக்காததும் ஒரு காரணம். ஆனால் பகலில் வீட்டில் இருக்கும் 30 வயதுப் பெண்ணுக்கு எத்தனை வெயிட்டேஜ் கொடுத்தாலும் ஷூ கம்பெனிப் பெண்ணின் பதில் வந்துவிடாது. முதல் முறையே கிடைத்தவர்களையும் மூன்றாம், நான்காம் முறை கிடைத்தவர்களையும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். விடை ஒரே பக்கமாக நகர்ந்தால், கிடைக்காதவர்களும் அந்தப் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவது

1936-ல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது, ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். ஆள் கூடினாலும் விடுபட்டவர்களால் வரும் பிழை போகாது.

ஆண்களை மட்டும் அனுப்புவது

உருது பேசும் குடும்பங்கள் நிறைய உள்ள பேரணாம்பட்டு, ஆம்பூருக்கு உருது பேசும் பெண் பேட்டியாளர் இல்லாமல் போகாதீர்கள்.

எடுத்ததும் கட்சியைக் கேட்பது

கதவு சாத்தப்படும். யார், எதற்கு, எவ்வளவு நேரம், பெயர் வெளியே போகாது என்று சொல்லிவிட்டு, தண்ணீர், ரோடு பற்றிய கேள்வியில் ஆரம்பியுங்கள். "ரேஷன் கார்டுக்கா?" என்றால் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஓட்டைக் கேட்கும் இடத்தில் சின்னம் அச்சிட்ட சீட்டையும் மூடிய பெட்டியையும் நீட்டுங்கள். பக்கத்தில் மாமியார் நின்றாலும் மருமகள் தன் விருப்பத்தைக் குறித்து மடித்துப் போடலாம்.